கல்தொட்டியில் பிழைத்த மீன்

என் மீன்தொட்டித் தண்ணீரில் அம்மோனியா சேர்ந்ததற்கு, என் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்த ஒரு வயோதிகரைக் காரணமாகச் சொன்னேன். நாலு பேர் முன்னால் சொன்னேன். அவர் காரணமில்லை என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. முதலில் செய்தது தப்பு. இரண்டாவதாகச் செய்ததற்குத் தப்பு என்ற வார்த்தை போதாது. இப்போது எனக்கே சிறுநீர் தங்குவதில்லை. என் படுக்கையிலும் ரப்பர் ஷீட் விரித்திருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் மருமகள் அந்த ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு போகும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறேன். அந்த வயோதிகரும் அப்படித்தான் திரும்பிக்கொண்டிருப்பார்.

அறுபதுகளின் தொடக்கம். திருச்சியில் ஒரு கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதிகளில் ஒன்றில். காலையில் பஸ் ஏறிச் சத்திரம் நிறுத்தத்தில் இறங்கிக் கல்லூரிக்கு நடப்பேன். நானும் மனைவியும் மட்டும்தான். பின்கட்டை வாடகைக்கு விட்டிருந்தோம். ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர், அவர் மனைவி, அவருடைய தகப்பனார். தகப்பனார் சின்னச் சின்ன ஊர்களில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டிருந்தது. நீரும் தங்காது. அந்த மருமகள், எங்கள் பேச்சில் நாட்டுப்பெண், தினம் விடிந்ததும் அவர் துணிகளைக் கிணற்றடியில் துவைத்துக் கொடியில் போடுவாள். எங்களுக்கும் அவர்களுக்கும் அந்த ஒரே கிணறுதான்.

மீன் வளர்க்கும் ஆசை எனக்கு எப்படி வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. சென்னையில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். மனதில் தங்கிவிட்டது. இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, இடுக்கில் தண்ணீர் கசியாமல் பட்டி பூசி ஒரு தொட்டி செய்யச் சொன்னேன். அடியில் காவிரி மணல் பரப்பினேன். கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். சென்னையிலிருந்து தங்கமீன்களைத் தகர டின்னில் வைத்து, ரயிலில் மடியில் ஏந்திக்கொண்டு வந்தேன். தொட்டியைக் கூடத்தில் ஜன்னலோரம் வைத்தேன்.

அந்தத் தொட்டியை என்னைவிட அதிகம் பார்த்தவர் பின்கட்டுப் பெரியவர்தான். மத்தியானம் நாட்டுப்பெண் அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து, முக்காலியில் நாலாக மடித்த துணியைப் போட்டு உட்கார வைத்துவிட்டுப் போவாள். நான் கல்லூரியிலிருந்து வரும்போதும் அங்கேயே இருப்பார். மீன்களுக்கெல்லாம் ரயில்களின் பெயர் வைத்திருந்தார். விருட்டென்று ஓடுவது மெயில். மூலைக்கு மூலை நின்று நின்று போவது பாசஞ்சர். வயிறு பெருத்து அசைந்து வருவது கூட்ஸ்.

நான் செருப்பைக் கழற்றும்போதே அறிக்கை வரும். "ஸ்வாமி, மெயில் இன்னிக்கு ரைட் டயம். பாசஞ்சர்தான் அவுட்டர்லயே நின்னுண்டிருக்கு."

"கூட்ஸ்?"

"அதுக்கேது டயம்? வந்தா வந்தது. நம்மள மாதிரி."

சிரிப்பார். அவர் எழுந்து போன பிறகு முக்காலியில் ஈரம் இருந்தால் நாட்டுப்பெண் ஓடி வந்து துடைப்பாள். என் மனைவி பார்க்காததுபோல் உள்ளே போய்விடுவாள். நான் பார்ப்பேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அந்தப் பெண் ஒரு நாளும் என் முகத்தைப் பார்த்ததில்லை.

மாதக்கணக்கில் மீன்கள் நன்றாக இருந்தன. நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கொஞ்சம் தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவேன். அவ்வளவுதான். மணல் பழுப்பேறியிருந்தது. கண்ணாடியில் லேசாகப் பாசி படர்ந்திருந்தது.

ஒரு நாள் வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் என்னை நிறுத்தினார். கோவில் கைங்கரியத்தில் இருந்தவர். வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன வாத்யாரே, உங்காத்துல பெருமாள் மத்ஸ்யாவதாரமா எழுந்தருளியிருக்காராமே?"

"சும்மா ஒரு ஆசை, மாமா."

"ஆசையா? பேஷ். வாசல்வரைக்கும் பரிமளிக்கறதே. நான் என் ஆத்துக்காரிகிட்ட சொன்னேன், அடுத்தாத்துல தளிகை மாறிடுத்து போலிருக்குன்னு."

அவருடன் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குச் சுட்டது. ஸ்ரீரங்கத்தில் ஒரு வைஷ்ணவன் வீட்டில் மீன் சமைக்கிற வாசனை என்று ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னால், அது வீதி முழுக்கப் போகும். உண்மையில் தொட்டியில் வாசனை இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து தொட்டிக்கும் மடி, ஆசாரம் எல்லாம் வந்தது. எங்கள் வீட்டில் ஏகாதசிக்கு முதல் நாள் பெருமாள் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்து, கொதிக்கும் தண்ணீர் விட்டு அலம்பி, வெயிலில் காயவைப்பது வழக்கம். அதே தினத்தில் தொட்டியையும் இறக்கினேன். மீன்களை ஒரு அண்டாவில் விட்டுவிட்டு, மணல் முழுவதையும் எடுத்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி அலசி, மொட்டை மாடியில் காயப்போட்டேன். கண்ணாடியை உப்பு போட்டுத் தேய்த்தேன். கூழாங்கல்கூட விடவில்லை. திரும்ப அடுக்கியபோது தொட்டி கோவில் பாத்திரம் மாதிரிப் பளபளத்தது. பெரியவர் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ப்ளாட்ஃபாரம் கழுவின மாதிரி இருக்கு ஸ்வாமி. இன்ஸ்பெக்‌ஷனா?" என்றார்.

சில நாட்களில் மீன்கள் தண்ணீருக்கு மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. செவுள்கள் சிவந்திருந்தன. கூட்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. "கூடத்துல வச்சுண்டு உயிர் போக வேண்டாம்னா," என்றாள் மனைவி. நான் அதை எடுத்துப்போய்க் கிணற்றடியில், முன்பு பசுவுக்குத் தண்ணீர் வைத்த பழைய கல்தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அதில் பச்சைப் பாசியும் வேப்பிலைச் சருகும் மண்டிக் கிடந்தன. செத்தால் அங்கே சாகட்டும் என்று நினைத்தேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

சுத்தம் போதவில்லை என்று எண்ணி, இன்னும் அடிக்கடி மணலை வேகவைத்தேன். மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. மெயில் செத்த அன்று பெரியவர் வேஷ்டி நுனியால் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கல்லூரிச் சோதனைக்கூடத்தில் பாதரசமும் அயோடினும் காரமும் சேர்ந்த ஒரு கரைசல் உண்டு. அம்மோனியா கலந்த தண்ணீரில் அதைச் சில சொட்டு விட்டால் மஞ்சளாகும். அம்மோனியா அதிகமானால் செங்காவி நிறம் வரும். ஒரு பழுப்புச் சீசாவில் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தொட்டித் தண்ணீரில் விட்டேன். செங்காவி. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவ்வளவு சுத்தமான தொட்டியில் அம்மோனியா எங்கிருந்து வரும்? இரையைக் குறைத்துப் பார்த்தேன். அப்போதும் செங்காவிதான். தெருக்குழாய்த் தண்ணீரைச் சோதித்தேன். நிறமில்லை. கடைசியாகக் கிணற்றுத் தண்ணீர். அதில் லேசான மஞ்சள் தெரிந்தது.

அந்த மஞ்சளைப் பார்த்ததும் எனக்கு உண்டான உணர்ச்சியை மறைக்காமல் எழுத வேண்டும். அது சந்தோஷம். அம்மோனியா என்றால் மூத்திரம். கிணற்றடியில் தினம் துவைக்கிற துணிகள். கொடியில் ஆடுகிற அந்தத் துணிகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு நாளாக நாளாக அருவருப்பு ஏறியிருந்தது. அந்த அருவருப்புக்கு இப்போது ரசாயனம் சாட்சி சொல்லிவிட்டது. லேசான மஞ்சள் நீரை ஊற்றினால் தொட்டி எப்படிச் செங்காவியாகும் என்று என் மாணவன் ஒருவன்கூடக் கேட்டிருப்பான். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் விடுமுறை. காலையில் மூன்று கண்ணாடிக் குழாய்களையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். நாட்டுப்பெண் துவைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் சேந்த வந்த பக்கத்து வீட்டுக்காரரும் எதிர்வீட்டு மாமியும் இருந்தார்கள். அவர்கள் இருந்ததால்தான் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

"இதைக் கொஞ்சம் பாரும்மா," என்று குழாய்களை உயர்த்திக் காட்டினேன். "இது தெருக்குழாய். இது நம்ம கெணறு. இது என் தொட்டி. இந்த மஞ்சள் என்னன்னு தெரியறதா?"

"தெரியலையே மாமா."

"மூத்திரத்துல இருக்கற சத்து. நீ துவைக்கற தண்ணி பூமியில எறங்கிக் கெணத்துக்குப் போறது. மீனெல்லாம் அதனாலதான் செத்துது. நாமளும் இதைத்தான் குடிச்சிண்டிருக்கோம்."

எதிர்வீட்டு மாமி குடத்தைக் கவிழ்த்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர், "அடப் பெருமாளே. நான் மீன் வாசனைன்னு நெனச்சேன், இதுவா?" என்றார்.

அந்தப் பெண்ணின் கைகள் சோப்பு நுரையோடு அப்படியே நின்றன. அவளுக்குப் பின்னால், பின்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு பெரியவர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"ஸ்வாமி," என்றார், "சிவப்பு காட்டிட்டேள். வண்டி நின்னுடும். அவளை ஒண்ணும் சொல்லாதீங்கோ."

உள்ளே வந்ததும் மனைவி கேட்டாள். "ஏன்னா, இதை அவா புருஷன்கிட்டத் தனியாச் சொல்லப்படாதா? அந்த மனுஷர் காதுல விழணுமா?"

"உண்மையைச் சொல்றதுக்குத் தனி என்ன, பொது என்ன?"

அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் கிணற்றடியில் துவைக்கவில்லை. விடியும்போதே துணிகளைப் பெரிய மூட்டையாகக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு கொள்ளிடத்துக்கு நடப்பாள். கோடையில் கொள்ளிடம் மணல்தான். எங்கோ தூரத்தில் ஒரு வாய்க்காலளவு தண்ணீர் ஓடும். அவள் திரும்பி வரும்போது மணல் சுட ஆரம்பித்திருக்கும். நான் கல்லூரிக்குக் கிளம்பும் நேரமும் அதுதான். வாசலில் ஒதுங்கி வழிவிடுவாள்.

பெரியவர் கூடத்துக்கு வருவது நின்றது. தண்ணீர் குடிப்பதையும் அவர் குறைத்துக்கொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குடித்தால்தானே போகும், போனால்தானே அவள் சுமப்பாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

எனக்கு வீதியில் மரியாதை கூடியது. கெணத்தை ஸோதிச்ச ப்ரொஃபஸர் என்று பேரே வந்துவிட்டது. பாட்டிலிலும் சொம்பிலும் தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் கூடத்தில் உட்கார்ந்து சொட்டு விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னேன். அப்படித் துணி துவைக்காத பல கிணறுகளிலும் அதே லேசான மஞ்சள் தெரிந்தது. அது எனக்கு எதையாவது சொல்லியிருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து புதிதாக மீன்கள் வரவழைத்தேன். இப்போது கிணற்றடி சுத்தம். ஆனாலும் அவை வாயைப் பிளந்தன. சோதித்தால் மறுபடியும் செங்காவி. ஒரு நாள் சாயங்காலம் தொட்டித் தண்ணீரைக் கொட்டக் கிணற்றடிக்குப் போனபோது, கல்தொட்டிப் பாசிக்குள் ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தேன். கூட்ஸ். முன்பைவிடப் பெருத்து, நிறம் ஏறி, சாவதானமாக வந்து என் விரலை முட்டியது.

அந்தத் தொட்டியிலும் அதே கிணற்றுத் தண்ணீர்தான். துணி துவைத்த நாட்களிலும் அதில் அதே தண்ணீர்தான் இருந்தது. சொட்டு விட்டுப் பார்த்தேன். நிறமே இல்லை என்று சொல்லலாம்.

பிறகு உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மண்ணில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, அவை அம்மோனியாவைத் தின்று வேறு உப்பாக மாற்றுகின்றன, பயிர் வளர்வது அதனால்தான் என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பவன் நான். மீன் விடுகிற கழிவிலேயே அம்மோனியா உண்டு. பழுப்பேறிய மணலில் வாழ்ந்த அந்த உயிர்கள் அதைத் தின்று தொட்டியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. நான்தான் ஏகாதசி மடி என்று வெந்நீர் ஊற்றி அவற்றைக் கொன்றேன். சந்தேகம் வேண்டாமென்று இரண்டு மண்சட்டிகளில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் வெந்நீரில் அலசிய மணல், மற்றதில் கல்தொட்டிச் சேறு. இரண்டிலும் ஒவ்வொரு மீன், ஒரே கிணற்றுத் தண்ணீர். வெந்த மணல் சட்டி செங்காவியானது. சேற்றுச் சட்டி தெளிவாக இருந்தது.

அன்றே பின்கட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். பத்தடிகூட இல்லை. மறுநாள் காலை மூட்டையோடு அவள் வாசலைக் கடந்தபோது, "அம்மா, வேண்டாம், இங்கேயே துவை," என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எதிர்வீட்டு மாமியிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் என்ன சொல்வது என்ற யோசனைதான் எனக்கு. பாட்டிலோடு வருகிறவர்களிடம், நான் சொன்னது தப்பு என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். கோடை முழுவதும் அவள் அந்த மணலில் நடந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் அவள் கணவர் வந்து, உறையூரில் வீடு கிடைத்துவிட்டது, காலி செய்கிறோம் என்றார். "சரி," என்றேன். எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

மழைக்காலம் வந்த பிறகு, பெரியவர் ஜுரத்தில் கிடக்கிறார், சிறுநீரே இறங்கவில்லை என்று யாரோ என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்று இரவு அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த ரெண்டு சட்டியில என்ன பார்த்தேள்?"

அவளுக்குத் தெரிந்திருந்தது. அல்லது ஊகித்திருந்தாள். சொன்னேன். அதற்குப் பிறகு வெகுநாள் அவள் என்னோடு அவசியத்துக்கு மேல் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்ஸைத் தண்ணீரோடு ஒரு தூக்குப் பாத்திரத்தில் விட்டு எடுத்துக்கொண்டு உறையூருக்குப் போனேன். கல்தொட்டிச் சேற்றையும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டேன். நாட்டுப்பெண் கதவைத் திறந்து, "வாங்கோ மாமா," என்று ஒதுங்கி நின்றாள். அதே ஒதுங்கல்.

பெரியவர் கயிற்றுக்கட்டிலில் கிடந்தார். உதடுகள் வெடித்திருந்தன. தூக்கைச் சாய்த்துக் காட்டினேன்.

"கூட்ஸா? இன்னும் ஓடறதா?"

"ஓடறது ஸ்வாமி. கெணத்துத் தண்ணியிலதான் இத்தனை நாளும் இருந்தது. கெணத்துல குத்தமில்லை. உங்க மேலயும் இல்லை. நான் மணலை வேகவச்சதாலதான் மீன் செத்துது. நான் சொன்னது தப்பு."

கூரையைப் பார்த்தபடி கேட்டார். "அப்போ லைன் க்ளியர்தானா?"

"அப்பவே க்ளியர்தான். நான்தான் கொடுக்கலை."

"எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

அந்தக் கேள்வி வரும் என்று பஸ்ஸிலேயே தெரியும். ஒரு பொய்கூடத் தயாராக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல முடியவில்லை. "நீங்க நம்மாத்துல இருக்கறச்சயே. கோடையில."

கண்களை மூடிக்கொண்டார். பிறகு, "என்கிட்ட எதுக்கு? அவகிட்டச் சொல்லுங்கோ. கொள்ளிடத்துக்கு நடந்தது நானில்லை," என்றார்.

அவள் சமையலறை நிலையில் நின்றிருந்தாள். "கேட்டேன் மாமா," என்றாள். கோபமில்லாத குரல். ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். எனக்கென்று நினைத்து வாங்கினேன்.

"உங்களுக்கில்லை. அவர் குடிக்க மாட்டேங்கறார். டாக்டர் சொல்லிப் பார்த்துட்டார், எங்காத்துக்காரர் சொல்லிப் பார்த்துட்டார். அன்னிக்கு நீங்க சொன்னதைத்தான் பிடிச்சிண்டிருக்கார். நீங்களே குடிக்கச் சொல்லுங்கோ."

கட்டிலோரம் உட்கார்ந்து தலையைத் தூக்கிப் பிடித்தேன். எனக்காக இரண்டு வாய் குடித்தார். விருந்தாளி மனம் நோகக் கூடாதே என்று குடிக்கிற மாதிரி. "போறும் ஸ்வாமி," என்று டம்ளரை ஒரு விரலால் தள்ளினார். "பழக்கம் விட்டுப்போச்சு."

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனேன். ஒவ்வொரு முறையும் இரண்டு வாய். மீனை ஒரு பழைய ஊறுகாய் ஜாடியில் சேற்றோடு விட்டு, கட்டிலில் படுத்தபடியே பார்க்கும்படி வைத்திருந்தார்கள். தை பிறக்கும் முன்பே அவர் போய்விட்டார். சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டதாக டாக்டர் சொன்னாராம். நான் இல்லாவிட்டாலும் போயிருப்பார் என்று அவர் மகன் என்னிடம் சொன்னார். நல்ல மனிதர்.

காரியங்கள் முடிந்த பிறகு, திரும்ப வந்து பின்கட்டிலேயே இருங்கள் என்று கேட்டேன். அந்தப் பெண் தலையசைத்தாள். "வேண்டாம் மாமா. இங்கே தெருக்குழாய் இருக்கு. யாரும் எடுத்துப் பார்க்கறதில்லை."

இனி ஒன்றுதான் பாக்கி. மறுநாள் காலை எங்கள் கிணற்றடியில், அதே பக்கத்து வீட்டுக்காரரும் எதிர்வீட்டு மாமியும் இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். இரண்டு சட்டிகளைப் பற்றிச் சொன்னேன். பெரியவர் மேல் நான் போட்டது வீண்பழி, தெரிந்தும் மறைத்தேன் என்று சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன்.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டார்.

"உமக்குப் பெரிய மனசு, வாத்யாரே. போனவாளைப் பத்தி நல்லதாத்தான் சொல்லணும். எங்களுக்குத் தெரியாதா, அந்தத் துணியெல்லாம் நாங்களும் பார்த்தவாதானே."

மறுபடி சொன்னேன். அவர் மறுபடியும் தலையாட்டினார். அந்த வாரமே கீழ வீதியிலிருந்து ஒருவர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து, தன் வீட்டுக் கிணற்றையும் சோதித்துச் சொல்ல வேண்டும் என்றார். பக்கத்தில் குடியிருப்பவர்கள் மேல் அவருக்கு ஏதோ சந்தேகமாம். நான் பாட்டிலை வாங்கவில்லை. எனக்குக் கர்வம் வந்துவிட்டது என்று வீதியில் சொன்னார்களாம்.